நாற்காலி சொன்ன நிறம்

மூன்றாவது மாதிரித் தாளும் பிடிக்கவில்லை என்றால் வேலையை வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தச்சர் சொல்லியிருந்தார். அவர் திறக்கப்போகும் நாற்காலிக் கடைக்கான கேட்டலாக் அது. நான் வடிவமைத்த முதல் வேலை. கல்லூரிச் சுவரொட்டி தவிர வேறெதையும் தொட்டிராத என்னை, அச்சகத்தில் ஃபைல் சரிபார்க்கும் என் அண்ணி, "நம்ம வீட்டுப் பையன், நல்லா செய்வான் சார்" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார். இந்த வேலை கைவிட்டுப் போனால் என் மானமும் அண்ணியின் வாக்கும் சேர்ந்து போகும். என் மானம் போவது எனக்குப் பழக்கம். அண்ணியின் வாக்கு இதுவரை போனதில்லை.

நான் ஃபைலைக் கொடுத்த அன்று அண்ணி அதைத் திறந்து, ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தம்பி, கடையோட போன் நம்பர் எத்தனை எண்?"

"பத்து, அண்ணி."

"நீ ஓரத்துல ஒட்டி வச்சிருக்க. தாளை வெட்டினா ஒன்பதுதான் மிஞ்சும். பத்தாவதை ஜனங்க ஜோசியம் பாத்துக் கண்டுபிடிக்கணுமா?"

எண்ணை உள்ளே தள்ளினார். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, வெட்டும் கோட்டுக்கு வெளியே படத்தைச் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் நீட்டினார். பொடி எழுத்துக்கெல்லாம் நான் நாலு மையையும் கலந்து கறுப்புக் காய்ச்சியிருந்தேன். அச்சில் எழுத்து கலங்கிப்போகும் என்று தனிக் கறுப்பாக மாற்றினார். இவ்வளவுக்கும் ஒரு தடவைகூடத் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை அடித்திருப்பேன்.

நிறத்தை மட்டும் தொடவில்லை. அது தச்சர் தன் போனில் பார்த்துச் சம்மதித்த நிறம். முதல் மாதிரி வந்தது. நாற்காலி வெளிறியிருக்கிறது என்றார். சிவப்பை ஏற்றினோம், செங்கல் என்றார். மூன்றாம் நாள் நேரிலேயே வந்து போனை நீட்டினார்.

"இதப் பாரும்மா. இதுல தேன் மாதிரி இருக்கா? உங்க பேப்பர்ல காய்ச்சல்காரன் மாதிரி கெடக்கு. கடைக்கு வர்றவன் பேப்பரையும் நாற்காலியையும் பக்கத்துல வச்சுப் பாப்பான். என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லமாட்டான்?"

நான் எட்டிப் பார்த்தேன். போனில் நாற்காலி மட்டுமா, வெள்ளைச் சுவரும் தேனாக இருந்தது. கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியை மனிதர் போட்டுவிட்டு மறந்திருக்கிறார். வெற்றி! வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அண்ணியின் செருப்பு என் பாதத்தின் மேல் ஏறி நின்றது. மூடிக்கொண்டேன்.

"போன் இருக்கட்டும்ணே," என்றார் அண்ணி. "அந்த மரத்துல ஒரு துண்டு கொண்டுவர முடியுமா?"

"துண்டு எதுக்கு? நாற்காலியே வரும்."

அரை மணியில் அதைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தார். அண்ணி டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, மாதிரித் தாளைக் கைப்பிடியில் சாய்த்து வைத்தார். "இப்ப போனையும் வைங்கண்ணே."

தச்சர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"பேப்பர் தப்புதான். ஆனா போன்லயும் கொஞ்சம் பவுடர் ஓவரா இருக்கேம்மா."

"உங்க கை பட்ட மரத்துக்குப் பவுடர் எதுக்கு? மரத்தையே பாத்துப் போட்டுடலாம்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. அண்ணி நாற்காலியைப் பார்ப்பதும் திரைக்குத் திரும்புவதுமாக, நீலத்தைக் கொஞ்சம் இறக்கி, மஞ்சளை ஒரு பொடி ஏற்றி, சிவப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் போடலாம் என்று உள்ளே வந்த முதலாளி, நிற்க இடமில்லாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

மூன்றாவது மாதிரி வந்தது. தச்சர் அதைக் கைப்பிடியோடு சேர்த்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இதான் என் புள்ள" என்று கையெழுத்துப் போட்டார். தேநீர் குடிக்கக் கீழே இறங்கினார்.

"அண்ணி, போன்ல மஞ்சள் போட்டிருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே?"

"சொல்லியிருக்கலாம். 'அப்ப ஃபைல் பண்ணவனுக்குக் கண்ணு எங்க போச்சு'ன்னு அவர் கேட்டிருப்பார்."

"எனக்கென்ன அண்ணி? நான் லேப்டாப்ல ஒழுங்காத்தானே பாத்துப் பண்ணேன்?"

அண்ணி ஒரு வெள்ளைத் தாளை என் லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் இருந்த வெள்ளை, வெள்ளையாக இல்லை. நல்ல தேன்.

"எப்பலேருந்து இப்படி?"

"பரீட்சைக்குப் படிக்கறப்ப கண்ணு வலிச்சுதுன்னு போட்டேன்."

"படிச்சியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா வலிச்சுது?"

அந்த வசதியை அணைத்தேன். என் பழைய ஃபைலில் நாற்காலி, தச்சர் சொன்னது போலவே, காய்ச்சலில் கிடந்தது.

நாற்காலியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "உன் கொழுந்தன் தேறுவானாம்மா?"

அண்ணி என் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"அடுத்த வேலையும் இவனுக்கே குடுங்க சார். கம்ப்யூட்டர் மட்டும் நம்மளோடது."