சிப்பி பொறுக்கிய கையில் செங்கோலா

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியும், நாடகத்தை விட்டு வெளியே வரத் தெரியாது. அதனால்தான் என் புருஷன் ரோச்சுக்கு அந்தக் கதி வந்தது.

சந்தியாகப்பர் திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் மதிவஞ்சன் வேஷம் கட்டுகிறவர் அவர். பறக்கும் குதிரையும் பேசும் சுறாவும் உள்ள ஏதோ ஒரு முத்துத்தீவில், கரையில் சிப்பி பொறுக்கியவளின் மகன் இந்த மதிவஞ்சன். கோள் மூட்டுவான். அண்ணனையும் தம்பியையும் பகையாக்கி மந்திரியாவான். கடைசியில் ராஜாவின் முடிக்கே கை நீட்டுவான், ராஜா அவன் தலையை வெட்டுவார். ரோச் ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரித்தால் நானே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மறுநாள் மீன் வாங்கப் போனால், அந்த ராணியை உன் புருஷன் படுத்தின பாடு உண்டா என்று கிழவிகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வீட்டில் கோழி அறுக்கக்கூட மனசு வராத மனுஷன் அவர்.

ராஜா வேஷம் மட்டும் எப்போதும் தோணி முதலாளி வில்பிரட்டுக்குத்தான். நடிப்பு வராது, பாட்டு அதைவிட வராது. ஆனால் கிரீடமும் பட்டு அங்கியும் அவர் வீட்டுச் சொத்து. அரண்மனைக் கொலுவில் நின்று மதிவஞ்சனைப் பார்த்து, "சிப்பி பொறுக்கிய கையில் செங்கோலா?" என்று அவர் கேட்டதும் கைதட்டல் துறைமுகம் வரைக்கும் கேட்கும். முதலாளி வீட்டு ஜனம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கும். கையைத் தட்டுகிறது எங்கள் தெரு. முத்துக் குளித்தவன் மகனும் சிப்பி பொறுக்கியவள் மகளும் தங்களைத் திட்டுவதற்குத் தாங்களே தட்டுகிறார்கள். இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

எழுபத்து மூன்றாம் வருஷம் என் தம்பி பாஸ்கல் ஏறிப்போன தோணி கொழும்புக்குப் போகிற வழியில் தண்ணீர் ஏறி மூழ்கியது. வில்பிரட்டின் தோணி. பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து பார்க்க வேண்டும் என்று தோணியை நடத்துகிற தண்டல் கெஞ்சியும், சரக்கு காத்துக் கிடக்கிறது என்று விரட்டி அனுப்பிய தோணி. தம்பியின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து ரோச்சுக்கு ஒரே பேச்சு. கலப்பத்து பார்க்காத தோணியில் ஒருவனும் ஏறக்கூடாது, அதைத் தோணித் தொழிலாளர் சங்கம் சொல்ல வேண்டும். சங்கச் செயலாளர் சிவனாண்டியோ முதலாளி தும்மினால் துண்டை நீட்டுகிற ஆள். அதனால் மறுவருஷத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு ரோச்சே நின்றார். தோணிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம்.

இதை வில்பிரட் எப்படி உடைத்தார் தெரியுமா? ஆள் வைத்து அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு பாட்டை வைத்து உடைத்தார்.

எங்கள் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட வேஷம் கட்டினவனிடம் அந்தப் பாவம் ஒட்டிவிடக் கூடாது என்று, தலை விழுந்த பிறகு அவன் எழுந்து வந்து, மேடையில் இருக்கும், சிலுவையில் பாடுபட்ட ஏசுவின் சுரூபத்தில் கை வைத்து மன்னிப்புப் பாட்டு பாடுவான். தேர்தலுக்கு முந்தின திருவிழாவில், நாடகம் பழக்குகிற பொனிப்பாஸ் அண்ணாவி அதில் புதிதாக இரண்டு அடி சேர்த்திருந்தார். பதவி நாடேன், தலைமை தேடேன், பரமன் பாதம் சாட்சி. ராகம் நன்றாக இருக்கிறது என்று ரோச் எனக்கே பாடிக் காட்டினார். மேடையிலும் சுரூபத்தில் கை வைத்து உருகிப் பாடினார். ஜனம் அழுதது.

மறுநாள் விடிந்ததும் துறை முழுக்க ஒரே பேச்சு. ரோச் சுரூபத்தின் மேல் சத்தியம் பண்ணிவிட்டான், இனி அவனுக்கு ஓட்டுப் போட்டால் அந்தப் பாவம் தோணியோடு கடலுக்கு வரும். புயலுக்குப் பயப்படாதவனும் சத்தியத்துக்குப் பயப்படுவான், கடலுக்குப் போகிறவர்கள் அப்படித்தான். நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் எதிரே வந்தால் தெரு மாறினார்கள். அண்ணாவியைப் பிடித்துக் கேட்டேன். முதலாளி சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன் என்றார். இதைவிட என் வயிறு எரிந்தது எதற்கென்றால், ரோச்சே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"கை வச்சது நெசந்தான ஹில்டா," என்றார். மேடையில் மதிவஞ்சனாக நின்றவரின் சூழ்ச்சி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கொட்டகையில் கூட்டம். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் போனேன். சங்கத்தில் எந்த உரிமையும் இல்லாத வில்பிரட் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோச் நல்ல பையன், அவன் ஆத்துமாவை நாம் கெடுக்கக் கூடாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்று குழைந்து குழைந்து பேசினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற குரல் அது. சிவனாண்டி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அதே சுரூபத்துல நீங்களும் கை வச்சிய. நெனப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. முடிசூட்டுக் காட்சியில் ராஜா சுரூபத்தில் கை வைத்துப் பாடுகிற அடியை நானே பாடினேன். என் மரக்கலம் அத்தனையும் என் குடிகளுக்கே, பரமன் பாதம் சாட்சி. வருஷா வருஷம் அவர் பாடுகிற அடி. கொட்டகையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"என் தம்பிய முழுங்குனது போவ மிச்சம் தோணி அங்கன நிக்கி. எத மொதல்ல அவுத்துத் தாரிய?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது. வில்பிரட்டின் முகம் கறுத்தது.

"ஏளா, அது நாடகம்," என்றார்.

"ரோச் பாடுனது மட்டும் என்ன அண்ணாச்சி?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சொன்னதை விழுங்கவும் முடியாது, எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்த இரண்டு அடியைச் சேர்த்த அண்ணாவியே எழுந்து, ஒரே மேடை, ஒரே சுரூபம், ஒருத்தருக்கு நாடகம் என்றால் எல்லோருக்கும் நாடகம்தான் என்றார். ரோச்சின் பெயர் நின்றது. அவர் ஜெயித்தார். இன்றைக்குக் கலப்பத்து பார்க்காமல் ஒரு தோணியும் துறையை விட்டு நகராது.

ஊரைக் கெடுக்கிறவன் சிப்பி பொறுக்கியவள் வயிற்றில்தான் பிறப்பான் என்று அந்தக் கதையைக் கட்டினவன் எவனோ, அவன் எங்கள் முதலாளியைப் பார்த்ததில்லை.

மறுவருஷமும் திருவிழா வந்தது. கிரீடம் அவருடையது, ஆகவே ராஜாவும் அவரே. ரோச் மதிவஞ்சன். கொலுவில் நின்று வில்பிரட், "சிப்பி பொறுக்கிய கையில் செங்கோலா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் கைதட்டலுக்காக நிறுத்தினார். முன்வரிசையில் அவர் பெண்சாதி மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் தெரு அசையவில்லை. கைக்குழந்தை சிணுங்குவதுகூடக் கேட்டது.

வில்பிரட்டுக்கு அடுத்த அடி மறந்துபோனது. திருதிருவென்று விழித்தார். ரோச்தான் தாடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, மெதுவாக அடியை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது.