கிரில்லுக்கு எந்தக் கம்பி

"எது போடலாம் பாப்பா, நீ சொல்லு" என்று அண்ணன் என்னிடம் கேட்டபோது நான் பள்ளியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் மற்றவர்கள் என்னிடம் எதையும் கேட்பதை விட்டிருந்தார்கள்.

என் அண்ணன் கலைச்செல்வன் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். சுரங்க டவுன்ஷிப் கடைத்தெருவில் சாயங்காலம் கேஸ் கிரில் வைத்துக் கோழி சுட்டு விற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, சாமான் வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்றான். கடை போட்டால் நீதான் என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் சொன்னான்.

எனக்கு வாயில் பதில் வர நேரமாகும். அண்ணன் அவசரப்படுத்த மாட்டான். கையிலிருக்கும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படித்தான் கிரில் பெட்டிக்கு ஸ்டெயின்லெஸ் தகடு என்று முடிவானது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு விலை குறைவு. ஆனால் சூடேறினால் அதன் பூச்சு புகையும். வெல்டிங் கடையில் அந்தப் புகைக்கு எல்லோரும் இருமுவதை நான் பார்த்திருந்தேன்.

தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. காடாம்புலியூரிலிருந்து பொற்கொடி அண்ணி வந்தாள். சிரித்த முகம். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பர்னருக்கு எத்தனை குழாய் என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டான். மூன்று, அப்போதுதான் ஓரமும் வேகும் என்றாள் அவள். கேஸ் திருகு எங்கே வைப்பது என்றான். முன்பக்கம், கொழுப்பு சொட்டாத இடத்தில் என்றாள். இரண்டும் நான் மனதில் வைத்திருந்த பதில்கள். அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. கடையில் யார் பக்கத்தில் நிற்பது என்ற பேச்சையும் அண்ணன் எடுக்கவில்லை.

கோழியை வைக்கும் கம்பித்தட்டு மட்டும் பாக்கி. மூவரும் பண்ருட்டிக்குப் போனோம். கடைக்காரர் அய்யாசாமி இரண்டு தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று கறுப்பான வார்ப்பிரும்பு, இன்னொன்று பளபளக்கும் ஸ்டீல்.

அண்ணி இரும்பைத் தூக்கிப் பார்த்தாள். "இதுதாங்க. சூடு நிக்கும். எண்ண தடவிக்கினே இருந்தா ஒட்டாது."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

"இரு பொற்கொடி, பாப்பா சொல்லட்டும்" என்றான் அண்ணன்.

அய்யாசாமி சிரித்தார். "வூட்ல யாரு மந்திரின்னு இப்பத் தெரிஞ்சிடும்."

அண்ணன் முன்போலவே காத்திருந்தான். அண்ணி தட்டைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். இந்தத் தடவை எனக்கு நேரமாகவில்லை.

"ஸ்டீல்" என்றேன்.

அண்ணன் மறுபேச்சில்லாமல் ஸ்டீலைக் கட்டித் தரச் சொன்னான். என் பக்கம் திரும்பி, கடை போட்டதும் நீதான் நிற்கப் போகிறாய், உனக்குத்தானே தெரியும் என்றான்.

அண்ணி இரும்புத் தட்டைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு படியிறங்கி, பஸ் நிலையத்தின் பக்கம் தனியாக நடந்தாள்.