கொட்டகைக் கல்

குளுவாங் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து மெர்சிங்கில் கடலோரமாக ஒரு பலகை வீடு வாங்கியிருந்தார்கள். பின்னால் இருந்த சமையல் கொட்டகையைக் கரையான் தின்று முடித்து, வீட்டுப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஆனாலும் யாரும் இடிக்கவில்லை. அதன் சுவரோரம் குங்குமம் பூசிய ஒரு கல் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். காளிதாஸ் பெயர் வந்தது.

"மலருக்கு ஆறு மாசம்டா. இந்த நேரத்துல புருஷன்காரன் வீட்டை இடிக்கக் கூடாது," என்றான் காளிதாஸ்.

"அலமாக், இது வீடா? கோழிக்கூண்டு லா!" என்றான் வசந்தன். "நீ பயந்தா கரையான் நிக்குமா?"

மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்கவில்லை. மலரிடம் கூரை ஒழுகலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு காளிதாஸ் காலையிலேயே வந்துவிட்டான். கூரைத் தகரத்தைக் கழற்றினான். மூன்று பக்கப் பலகையும் கடப்பாறை பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கல் இருந்த சுவருக்கு வந்ததும் கை நின்றது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூன்றாவது பங்காளி வாலண்டைனைக் கைப்பேசியில் அழைத்தான்.

"அந்தக் கல்லா? நான்தான் வெச்சேன்," என்றான் வாலண்டைன்.

"நீயா? நீ சர்ச்சுக்குப் போறவன்!"

"போறவன் வர்றவன் எல்லாம் அங்கதான் ஒண்ணுக்கு அடிச்சான். பொட்டு வெச்சேன், நின்னுடுச்சு."

"முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீங்க யாருமே கேக்கல."

காளிதாஸ் கடப்பாறையை ஓங்கினான். கைப்பேசி அடித்தது. மலர்.

"ஏங்க, பின்னால கொட்டகைச் சுவரோரமா ஒரு கல்லு இருக்கும். சூடம் ஏத்திட்டு வாங்க. போன தடவ வந்தப்ப வேண்டிக்கிட்டேன். அதான் புள்ள தங்கியிருக்கு."

காளிதாஸ் கடப்பாறையைக் கீழே வைத்தான். யாரிடம் வேண்டிக்கொண்டாள்? வாலண்டைனிடமா?

"ஏத்துவீங்கல்ல?"

"ம்."

சுவரை விடவும் முடியாது, அதில்தான் கரையான் அதிகம். கல்லில் படாமல் ஒவ்வொரு பலகையாகக் கையாலேயே பிடுங்கினான். எல்லாம் விழுந்த பிறகு கல் மட்டும் வெயிலில் மொட்டையாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நாலு குச்சி நட்டு மேலே ஒரு தகரத்தைப் போட்டான். சூடம் இல்லை. லைட்டரைப் பற்றவைத்து ஒரு சுற்றுக் காட்டினான்.

படம் எடுத்து நண்பர்கள் இருவருக்கும் அனுப்பினான். உடனே வசந்தனிடமிருந்து பதில்: "இடிக்கச் சொன்னா கோயில் கட்டியிருக்க?"

காளிதாஸுக்குத் திக்கென்றது. மனைவி மாசமாக இருக்கும்போது கட்டவும் கூடாதே.