கங்காணி சிரித்த பிறகு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. திருவிழா நாடகத்தில் யாருக்குச் சிரிப்பு வந்தாலும், முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய கங்காணி சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, நாசமாய்ப் போக!

என் புருஷன் சோலைமலை, தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதுகிறவரும் அவர்தான். ஐம்பத்தைந்தாம் வருஷம் கங்காணியையே எழுதினார். கொழுந்து நிறுக்கையில் ஈரம் ஈரம் என்று எங்கள் ராத்தலைக் கழிக்கிறவன், தன் கல்யாணத்தன்று பெண்ணையும் தராசில் ஏற்றி, சேலை ஈரத்துக்கு நாலு ராத்தல் கழிக்கிறான். அதுதான் கதை.

“சனம் ஒரு தடவை அவனைப் பாத்துச் சிரிச்சிட்டாப் போதும், பூரணி. அப்புறம் தராசுகிட்ட தைரியமா வாயத் தொறந்து கேட்டுருவாங்க” என்றார். அந்த ஒரு ஆசைக்காகத்தான் உட்கார்ந்து எழுதினார்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் மேடை. வயிற்றில் சாக்கைக் கட்டிக்கொண்டு அவரே கங்காணியாக வந்தார். மணப்பெண் வேஷத்தில் அழகுமுத்து தராசில் ஏறினான். சனம் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியையே பார்த்தது. கங்காணி லேசுப்பட்டவனா? ஒரு தடவை சுற்றிலும் பார்த்தான். தொடையைத் தட்டிக்கொண்டு கடகடவென்று சிரித்தான். உடனே களமே அதிர்ந்தது.

“நம்ம சோலைமலை நம்மள நல்லாப் புடிச்சிருக்கான்யா!” என்று மாலை வேறு கொடுத்தனுப்பினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிக்கிறவனே கைதட்டிவிட்டால் நாளைக்கு அவனை யார் கேட்பார்கள்?

இவர் மாலையைத் தூக்கி எறிந்தார். “நிறுத்துங்க! அந்தாளோட சேந்து சிரிக்காதீங்க!” என்று கத்தினார். வயிற்றுச் சாக்கு நழுவி முழங்காலுக்கு வந்தது. அதுவும் நாடகம்தான் என்பதுபோல் கங்காணி சிரித்தான். சனமும் சிரித்தது. இவர் கத்தக் கத்தச் சிரித்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்தேன். பக்கத்தில் அம்மாக்கண்ணு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“நேத்து ஒனக்கு எம்புட்டுக்கா கழிச்சான்? அதச் சொல்லிப்புட்டு அப்புறம் சிரி!”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “ஆறு ராத்தல்” என்றாள்.

“வீரம்மா, ஒனக்கு?”

வீரம்மா சொன்னாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள், நான் கேட்காமலேயே, சத்தமாகச் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது.

கங்காணி மட்டும் திரும்பிப் பார்க்காமல், தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.