ஜோடி பிரிக்கிறவளின் கை

பட்டுப்பூச்சி முட்டைக்கூடத்தில் ஜோடி பிரிக்கும் வேலை பார்த்தவள் கைவைத்த எதுவும் ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. காலையில் கூட்டைத் துளைத்து வெளியே வரும் வெள்ளைப் பூச்சிகள் வந்த வேகத்தில் ஜோடி சேர்ந்துவிடும். பறக்கத் தெரியாது, தின்ன வாயும் கிடையாது. இருக்கிற சில நாளில் அவற்றுக்கு அது ஒன்றுதான் ஜோலி. மத்தியானம் அவற்றை நோகாமல் லேசாகத் திருகிப் பிரித்து, பெண்ணை முட்டையிட அட்டைக்கும் ஆணைக் குளிரறைக்கும் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொன்றாய்த் திருகுவார்கள். இவள் தட்டின் மேல் கையை ஒரு வீசு வீசினால் போதும். போகப் போக அந்தக் கைராசி வீட்டுக்கும் வந்துவிட்டது. துருப்பிடித்த மூடிக்கும் ஒன்றுக்குள் ஒன்று இறுகிய டம்ளருக்கும் தெருவே அவளிடம் ஓடி வரும். ஒருமுறை அசதியில் பொதுச்சுவரில் கை ஊன்றி நின்றாள். பக்கத்து வீடு ஒரு முழம் தள்ளிப் போய், இடையில் பூனை நடமாட வழி கிடைத்தது. சொந்தக்காரர்கள் விவரமானவர்கள், கல்யாணப் பத்திரிகையைக் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும், சொல்லவும் கூசமாட்டாள். ஆனால் தங்கை மகளைத் தூக்கினால் குழந்தை வழுக்கி இறங்கி, சிரித்தபடியே அந்தப் பக்கம் போய்விடும். அப்போது மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

குளிரறைக்காரரை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆண் பூச்சிகளை இன்னொரு நாளைக்கு ஆகுமென்று குளிரில் தூங்கவைப்பது அவர் வேலை. தட்டு கைமாறும்போது விரல் படாமல் விலகிக்கொள்வாள். பட்டுத் தொலைத்தால் மனுஷர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். அவரோ பூச்சியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். காட்டு மரத்தில் வளர்வது தவிட்டு நிறம், சிறகில் கண்ணாடி பதித்ததுபோல் வட்டம் இருக்கும் என்பார். ஆமணக்கு இலை தின்பது கூட்டை முழுசாய் மூடாமல் ஒரு பக்கம் வாசல் விட்டுவைக்கும் என்பார். காட்டில் ஆண் பூச்சி வாசனை பிடித்தே பெண்ணைத் தேடி வெகுதூரம் வந்துவிடும் என்பார்.

அப்படி ஒன்று வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காட்டுப் பூச்சி ஜன்னல் வழியாக நுழைந்து, தட்டிலிருந்த பெண்களை ஏறெடுத்தும் பார்க்காமல், இத்தனை வருஷ வாசனை ஊறிய அவளுடைய வலது மணிக்கட்டில் உட்கார்ந்தது. உதறினாள், திருகினாள், அது அசையவில்லை. அன்று மத்தியானம் எந்தக் கையை வீசியும் ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, முட்டையெல்லாம் வீணாப் போகுதே. குளிரறைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. மரத்துப்போய் அதுவா விழுந்துடும்."

குளிரறை வாசலில் அவள் தயங்கினாள். உள்ளே போனால் பழைய கையும் பழைய பேரும் திரும்பிவிடும். போகாவிட்டால் வேலை நிலைக்குமா என்பதே சந்தேகம். குளிரறைக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உள்ள வரலை," என்றாள். "இது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் என் கை எதையும் பிரிக்காது. உங்க கையைக் கொடுங்க."

அவர் கொடுத்தார். பனிக்கட்டிபோல் இருந்தது. "நீங்களா எப்பக் கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

பூச்சி ஒரு வாரம் பட்டினியாக உட்கார்ந்திருந்துவிட்டுக் காய்ந்து விழுந்தது. அவளுடைய வலது கை மட்டும் அவருடைய இடது கையை விட்டு வரவில்லை. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருவரும் அந்தக் கோலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். தையல்காரர் தோளில் பொத்தான் வைத்துச் சட்டை தைத்தார், மேனேஜர் கூடத்துக்கும் குளிரறைக்கும் நடுவே சுவரை இடித்து வழி பண்ணினார். அவளுடைய இடது கைக்குப் பழைய ராசி திரும்பிவிட்டதால் முட்டைக்குக் குறைவில்லை. தங்கை மகள் வளர்ந்து வேலைக்குப் போய், இவர்களுக்கென்றே அகலமான குடை வாங்கி அனுப்பினாள். கோத்த கைகள்மேல் தன் இடது கை பட்டால் என்ன ஆகும் என்று ஜோடி பிரிக்கிறவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தூக்கத்தில்கூட அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். வலது கையில் கொசு கடித்தால் அவர்தான் எழுந்து அடிக்க வேண்டும், இன்றைக்கும் அவர்தான் அடிக்கிறார்.