கிணற்றோர வரிசை

"ஈ மொய்க்குதுன்னா, அதுக்காக அம்மி மேலயா கொட்டுவீங்க, பாய்ஜான்?"

"மேல எங்க கொட்டறேன்? கட்டில் காலாண்ட தூவறேன். எறும்பு வராது. நீ ஒதுங்கு."

கரீமுல்லா டப்பாவைத் தட்டத் தட்ட வெள்ளைப் பொடி புகையாக எழுந்தது. அவன் தங்கை ஹமீதுன்னிசா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விடியற்காலையில் காய்ச்சலில் இறந்துபோன தாயின், அவர்களுடைய அம்மியின், முகத்தை மூடியிருந்த துணியிலும் பொடி மெல்லப் படிந்தது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஸ்டோர் வேலை போனதும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த டி.டி.டி. பவுடரைத்தான். முதலில் மூட்டைப்பூச்சிக்கு, அப்புறம் கொசுவுக்கு, கடைசியில் வீட்டுக்குப் பின்னால் அடையாற்றங்கரை வரை இருந்த ரோஜாத் தோட்டத்துக்கு.

ஆண்கள் வெளியே போனார்கள். குளிப்பாட்ட வந்த சித்தி முறையான அஃப்சருன்னிசா காலா திரையை இழுத்துவிட்டாள். ஹமீதா தண்ணீர் ஊற்றினாள். அம்மியின் காது மடலில், கழுத்துச் சுருக்கத்தில், விரலிடுக்கில் எல்லாம் பொடி. படுக்கையில் கிடந்தபோது தலையணைக்கு அடியில் தூவச் சொல்லி அம்மியே கேட்டு வாங்கிக்கொண்டது. பலகையிலிருந்து வழிந்த தண்ணீரின் மேல், ஆறிய பாலில் ஆடை படர்வதுபோல் வெள்ளையாக ஏதோ மிதந்தது. ஹமீதா செம்பை நிறுத்தி முகத்தைச் சுளித்தாள். பெற்றவளைத் தொட்டு முகம் சுளிக்கிறோமே என்று நினைத்தபோது இன்னும் சுளித்தது.

"இன்னாடி மொகத்த அப்டி வச்சிக்கினு கீறே? ஊத்து," என்றாள் காலா. "பூரிக்கு மாவு பெசஞ்ச கை மாதிரி கீது இது."

"தண்ணில கரையாது காலா. தேய்ச்சிதான் எடுக்கணும்."

தேய்த்தார்கள். கஃபன் துணி சுற்றி முடித்தபோது, தோட்ட வேலைக்கு வரும் பேச்சியம்மாள் கொல்லைப்பக்கமாகப் பூக்கூடையுடன் வந்தாள். கூடையில் பாதிகூட இல்லை.

"கெணத்தோர வரிசைல மட்டுந்தான் பூ கீது பாப்பா. மத்ததுங்க கதிய பாரு." ஒரு கிளையைக் கீழே போட்டாள். இலையெல்லாம் துருப்பிடித்த தகரம்போல் சிவந்திருந்தன. நுனியில் நூலாம்படை. அதில் இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன்கள் மேலும் கீழும் ஊர்ந்தன. "மருந்து போட்ட செடிங்கோ சீக்காளி, போடாத வரிசை சிரிச்சிக்கினு கீது. இன்னா மருந்தோ!"

ஹமீதாவுக்குத் தெரியும். அவள் கணவன் மயிலாப்பூரில் கடிகாரம் பழுது பார்ப்பவன். போன மாதம் அவனுடைய பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கிணற்றோரத்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். அசமந்தமான செம்பேன்களுக்கு நடுவே வெளிறிய, பளபளப்பான வேறு பேன்கள் விறுவிறுவென்று ஓடின. ஒன்று செம்பேனைப் பிடித்து உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச அதன் வயிறு சிவந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மருந்து போட்ட இலைகளில் அந்த ஓட்டக்காரர்கள் ஒன்றுகூட இல்லை. செம்பேனை ஒன்றும் செய்யாத பொடி, அதைத் தின்றவற்றைக் கொன்றிருந்தது. கிணற்றோர வரிசையும் போனால் அவை திரும்பி வர இடமே இல்லை.

அன்றே அண்ணனிடம் சொன்னாள். "பேன பேன் தின்னுதா? உன் வூட்டுக்காரன கடியாரத்த ரிப்பேர் பண்ணச் சொன்னா, உன் கண்ண கெடுத்து வச்சிக்கீறானே!" என்று அவன் சிரித்தான். படுக்கையிலிருந்து அம்மியும் சிரித்தாள். அதற்குப்பின் அம்மி சிரித்து ஹமீதா பார்க்கவில்லை.

உடலைச் சுமக்கும் சந்தூக் வாசலுக்கு வந்தது. கரீமுல்லா பேச்சியம்மாளைக் கூப்பிட்டு டப்பாவைக் கொடுத்தான்.

"கெணத்தோரத்துலயும் நாலு சிவப்பு புள்ளி பாத்தேன். நாங்க போனதும் அங்க நல்லா தூவிடு. மூணாம் நாள் ஜியாரத்துக்கு சுத்தமான பூ வோணும். அம்மி கபுர்ல பூச்சி ஊர்ற பூவயா போடறது?"

அம்மி என்னும்போது குரல் உடைந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தான். கன்னத்தில் பொடியும் கண்ணீரும் குழைந்து பசைபோல் ஒட்டிக்கொண்டன. ஹமீதா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நால்வர் குனிந்தார்கள். கலிமாச் சத்தம் எழுந்தது. பெண்கள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. ஹமீதா திரையைப் பிடித்தபடி படிவரை வந்தாள். அண்ணன் சந்தூக்கின் கட்டைக்குத் தோளைக் கொடுத்திருந்தான்.

"பாய்ஜான், ஒரு வார்த்த. அந்த ஒரு வரிசைய மட்டும் வுட்டுடச் சொல்லுங்க. அது ஒண்ண மட்டும்."