தியானக் கூடத்தில் அடித்த மணி

மகனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போய் ஒரு மாதம். தின் யீ, மியான்மரின் யாங்கோன் நகரத்துத் தியான மையத்தில் சேர்ந்து மூன்று நாள்.

"பத்து நாள் உக்காந்து பாருடி, பயமெல்லாம் போயிரும்," என்று அனுப்பி வைத்தவள் அக்கா.

"கண்ண மூடுனா பயம் மடியிலயே வந்து உக்காரும்," என்றார் கணவர்.

கைபேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள்; யார் வீட்டுச் சேதியானாலும் இனி மையத்தின் அலுவலகத் தொலைபேசிக்குத்தான் வரும். எந்தச் சத்தம் வந்தாலும் 'கேட்கிறது, கேட்கிறது' என்று மனசுக்குள் சொல்லி விட்டுவிட வேண்டும் என்பது பாடம்.

தியானத்தின் நடுவே, கூடத்தை ஒட்டிய அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. கேட்கிறது, கேட்கிறது. மணி நிற்கிறதாயில்லை. யாரும் பார்க்கக் கூடாதே என்று மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

கூடத்திலிருந்த நாற்பது பெண்களும் அலுவலக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த துறவியம்மா எழுந்தே நின்றிருந்தார்.